செங்கோடனின் ஆறாவது விரல்

காலுக்கு மாட்டுகிற கம்பளி மேஜோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் மேஜைமேல் படுத்திருந்த ஒரு மனிதரின் இடது கால் விரல்களை மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலில் தொடங்கி எண்ணினேன், ஐந்து. கட்டைவிரலில் தொடங்கி எண்ணினேன், அதே ஐந்து.

எல்லோருக்கும் ஐந்துதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த மனிதருக்கு ஆறு இருக்க வேண்டும். பத்து நாளைக்கு முன் நானே என் கையால் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

அறை முழுக்கக் கார்பாலிக் நெடி. கொதிக்கிற தண்ணீரில் கத்திகளும் இடுக்கிகளும் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் எங்கள் டாக்டர் மயக்க மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். மாதம் ஒரு தடவை மட்டும் வெளியூரிலிருந்து வருகிற பெரிய சர்ஜன், கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் என்ன தாமதம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஆபரேஷனுக்குப் போகிறவருக்குக் கால் சில்லிட்டுப் போகாமல் இருக்க முழங்கால்வரை கம்பளி மேஜோடு மாட்டுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஒரு நோயும் இல்லாத ஒரு மனிதரின் வயிற்றை அன்று கிழித்திருப்போம். அதற்கு முழுக் காரணம் நானாக இருந்திருப்பேன்.

அண்ணன் வீட்டு அடுப்படி

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஊர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் போன வாரமே எனக்குக் கடுதாசி போட்டுவிட்டார்கள்.

நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று அன்று சொல்வார்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் அது ஆகி, பதினைந்துக்குள் முடிந்தும் போயிருந்ததால் அந்தப் பயம் இல்லை. வேறொரு பயம் இருந்தது. பயிற்சி முடிய ஒரு மாதம்தான் பாக்கி. சர்டிபிகேட் வந்தால் நான் நர்ஸ் மரகதம். வராவிட்டால் ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டு அடுப்படி. அண்ணி கெட்டவள் இல்லை. நான்தான் அந்த அடுப்படியில் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்கமாட்டாதவள்.

சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் எஸ்தர் அம்மாள். எங்களுக்கெல்லாம் தலைமை நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அவர் நடந்து வந்தால் சேலைதான் முதலில் சத்தம் போடும்.

“உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால்வரை பாரு. பாத்ததை எழுது. பாக்காததை எழுதாதே. எழுதினதை அழிக்காதே. தப்புன்னா ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்தில் கையெழுத்துப் போடு.” இதைத் தினமும் ஜெபம் மாதிரி சொல்வார். டாக்டர் கேட்காமல் நர்ஸ் வாயைத் திறக்கக்கூடாது என்பதையும் கூடவே சொல்வார்.

ஒன்று செய் என்றால் ஒன்பது செய்கிற புத்தி எனக்கு. செங்கோடன் என்ற குடியானவர் குடலிறக்கத்தோடு வந்து சேர்ந்த அன்று, உச்சி முதல் உள்ளங்கால் என்றால் உள்ளங்கால்தான் என்று முழுவதையும் எழுதினேன். இடது பக்கம் அடிவயிற்றில் வீக்கம், படுத்தால் உள்ளே போகிறது. இருமல், சளியுடன். அம்மை குத்திய தழும்பு மூன்று. இடது கால், விரல் ஆறு.

எஸ்தர் அம்மாள் படித்துவிட்டு, “விரலை யாரு பிள்ள எண்ணச் சொன்னா?” என்றார். அன்றிலிருந்து கூடப் படித்தவர்கள் என்னை விரலெண்ணி என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு வந்த கோபம் இப்போதும் முழுசாக ஆறவில்லை.

இருமல் போன மாயம்

இருமல் இருக்கும்போது குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்க முடியாது, இருமினால் தையல் பிய்ந்துவிடும். அதனால் சர்ஜன் வரும் நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே செங்கோடனைச் சேர்த்துக்கொண்டு, இருமலைக் குறைப்பது என்று ஏற்பாடு. அந்தப் பொறுப்பு எனக்கு.

முதல் இரண்டு நாள் மனிதர் வார்டே அதிர இருமினார். மூன்றாம் நாள் காலையும் இருமினார். நான்காம் நாள் காலை நான் போனபோது ஒரு சின்னச் செருமல்கூட இல்லை.

தலையோடு காதையும் மூடித் துண்டு கட்டியிருந்தார். அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான், சளிக்காக. பக்கத்தில் தரையில் அவர் சம்சாரம் பாவாயி, வழக்கம்போல வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“செங்கோடனுங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க,” என்றார் கட்டிலில் இருந்தவர்.

“இருமல் நின்னு போச்சுங்களா?”

“ஆமாங்க.”

“உங்க மருந்து ராசிங்க சாமி,” என்றார் பாவாயி.

நான் பூரித்துப் போனேன். இருமல் இல்லை என்று சார்ட்டில் எழுதினேன். ஐந்தாம் நாளும் இல்லை. காய்ச்சல் கோடு நூல் பிடித்தது போல நேராகப் போனது. டாக்டர் அந்தச் சார்ட்டை மற்றப் பெண்களிடம் காட்டி, கவனிப்பு என்றால் இது என்றார். எஸ்தர் அம்மாள் ஒவ்வொரு நாள் வரிக்கும் கீழே தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார். விரலெண்ணி என்று சொன்னவர்கள் வாயை மூடினார்கள்.

முகம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ஆண்கள் வார்டில் நிமிர்ந்து முகம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை, வளர்ந்த விதம் அப்படி. முதல் நாள் பார்ப்பதைப் பார்த்தாயிற்று, அதற்கப்புறம் சார்ட் இருக்கிறது. எனக்கு மனிதர்கள் கட்டில் நம்பர், நாக்கு, நாடி, அவ்வளவுதான். படுத்தால் உள்ளே போகிற வீக்கம் என்று சார்ட்டிலேயே இருந்ததால், படுத்திருந்தவர் வயிற்றில் வீக்கம் இல்லாதது யாருக்கும் உறுத்தவில்லை. தவிர, பெண்டாட்டி அதே பெண்டாட்டி. பெண்டாட்டி மாறாதபோது புருஷன் மாறியிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் நாள் நான் காய்ச்சல் குச்சி வைக்கவே இல்லை. வேலை நெருக்கடி. கோடு எப்படியும் நேராகத்தான் போகிறது என்று முந்தின நாள் அளவையே எழுதினேன். அதற்குக் கீழேயும் எஸ்தர் அம்மாள் கையெழுத்து இருந்தது.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். நோயாளிக்குத் தினமும் ரொட்டியும் பாலும். பத்தியச் சாப்பாட்டில் ஆள் இளைப்பார்கள். நான் நாடி பிடிக்கிற இவர் கை சதை போட்டுக்கொண்டே வந்தது.

“எந்தப் பேருங்க?”

திரும்ப அந்த மேஜைக்கு வருகிறேன். விரல் ஐந்து.

வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். “ஐயா, விரல் அஞ்சுதான் இருக்குதுங்க,” என்றேன்.

சர்ஜன், “யாருக்கு?” என்றார்.

“நோயாளிக்குங்க.”

“எனக்கும் அஞ்சுதான். ஆரம்பிக்கலாமா?”

“சார்ட்டில் ஆறுன்னு இருக்குதுங்க.”

“யார் எழுதினது?”

“நான்தானுங்க.”

“அப்போ சார்ட்டைத் திருத்து,” என்று சொல்லிவிட்டுக் கத்திக்குக் கை நீட்டினார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமான வழி! ஆறை அடித்து ஐந்தாக்கிக் கையெழுத்துப் போட்டால் போதும். பெரிய சர்ஜனே சொல்லிவிட்டார். விரலெண்ணிக்கு எண்ணத் தெரியவில்லை என்று நாலு நாள் சிரிப்பார்கள், அடுத்த மாதம் சர்டிபிகேட் வரும். ஒரு விநாடி, பொய் சொல்வானேன், பேனா எங்கே என்று என் கண் தேடியது.

அப்போது மேஜையில் இருந்தவரின் கால் என் கைக்குள் நடுங்கியது. ஐந்து விரலும் தனித்தனியாக நடுங்கின. நான் தலைமாட்டுக்குப் போய், ஏழு நாளில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். செங்கோடனாக இருக்க வழியே இல்லை. இவர் பத்து வயது இளையவர், முகம் முழுக்க வேர்வை.

“உங்க பேரு என்னங்க?” என்றேன்.

அவர் கண் கதவுப் பக்கம் போனது. வெளியில்தான் பாவாயி உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் பேருங்க?” என்றார்.

டாக்டர் கையில் இருந்த மயக்க மருந்துப் புட்டியை மூடினார்.

“உங்கப்பா வெச்ச பேரு.”

“நாச்சிமுத்துங்க.”

சர்ஜன் கழுவின கையை இறக்கிவிட்டார்.

“செங்கோடன் யாருய்யா?”

“எங்கக்கா ஊட்டுக்காரருங்க. மச்சான்.”

“அவன் எங்கே?”

“எருமை கன்னு போட்டுதுன்னு ஒரு எட்டு பாக்கப் போனாருங்க. பொழுதுக்குள்ள வந்தர்றேன், அதுவரைக்கும் நீ படுத்திரு, கட்டில் காலியா இருந்தாப் பேரை அடிச்சுப் போடுவாங்கன்னாரு. போனவுடனே ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிப்போட்டாங்க. காப்புக் கட்டுனா நோம்பி முடியறவரைக்கும் எல்லை தாண்டப்படாதுங்களே. அப்புறம் அவரு எப்படி வருவாரு?”

இது புரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பவர் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத் தங்கமாட்டார். கலெக்டர் கூப்பிட்டாலும் அப்படித்தான். அதேபோல எங்கள் ஆஸ்பத்திரியில் காலையில் கட்டில் காலியாக இருந்தால் பெயரை அடித்துவிடுவோம், மறுபடி வரிசை, மறுபடி சர்ஜன் வர ஒரு மாதம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் நாச்சிமுத்து.

“மடையா, வயித்தைக் கிழிக்கப் போறாங்கன்னு தெரியலையா உனக்கு?” என்று சர்ஜன் கத்தினார்.

“தெரியுமுங்க.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“ஆரும் கேக்கலீங்க. செங்கோடனான்னாங்க, ஆமான்னேன். எனிமா குடுக்கறோம்னாங்க, ஆமான்னேன். சொன்னா மச்சான் கட்டில் போயிருமுங்களே. வாக்குக் குடுத்துட்டனுங்க,” என்றார். சொல்லும்போதே கண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் அதுவரை அவரைச் சிரிப்புக்குரிய ஆளாகத்தான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒற்றைக் கோடு

அவரை உடனே வெளியே அனுப்பு என்று சொல்லிவிட்டு சர்ஜன் அடுத்த கேசுக்குப் போனார். அனுப்புவது அவ்வளவு லேசாக இல்லை. ரெஜிஸ்தர் எழுதும் ரைட்டர் மறுத்துவிட்டார்.

“செங்கோடனை டிஸ்சார்ஜ் பண்ணணும்னா செங்கோடன் வேணும். நாச்சிமுத்துவை டிஸ்சார்ஜ் பண்ணணும்னா முதல்ல அவரைச் சேர்த்திருக்கணும். ஆஸ்பத்திரிக்கு வராத ஆளை நான் எப்படிங்க வெளியில அனுப்புறது?”

அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ரைட்டரே வழி கண்டுபிடித்தார். செங்கோடன் பெயரை அடித்துவிட்டு, எனிமா கொடுத்த களைப்பு என்று காரணம் காட்டி நாச்சிமுத்துவைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார், அதே கட்டிலில். நாளைக் காலை டிஸ்சார்ஜ். நாச்சிமுத்துவுக்கு அன்றும் ரொட்டியும் பாலும் வந்தது. கட்டில் கால்மாட்டுப் பலகையில் அவர் பெயரை எழுதி மாட்டியபோது, “இப்ப நான் நானுங்களா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சாயங்காலம் எஸ்தர் அம்மாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் செங்கோடன் சார்ட் இருந்தது.

“ஏழு நாள் இந்த ஆளைப் பாத்தியா பிள்ள?”

பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. “பாக்கலைங்கம்மா. சார்ட்டைத்தான் பாத்தேன். எட்டாம் நாள் காய்ச்சல்கூடப் பாக்கலை, சும்மா எழுதிட்டேன்,” என்றேன். அதைக் கேட்டிருக்கவே மாட்டார். நானாகச் சொன்னேன். சொல்லும்போது அண்ணன் வீட்டு அடுப்புப் புகை என் மூக்கில் ஏறியது, நிஜமாகவே.

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான்காம் நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக ஒற்றைக் கோடு போட்டு அடித்து, ‘இது வேறு ஆள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் நாளுக்கு மட்டும் ‘பார்க்காமல் எழுதியது’ என்று எழுதினேன். அழகான சார்ட் அது. நான் எழுதியதிலேயே அழகானது. முடித்தபோது அடுப்படிக் கரித்துணிகூட அப்படி அசிங்கமாக இருக்காது.

எழுந்து போகலாமா என்று நின்றேன். எஸ்தர் அம்மாள் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே இருந்த தன் கையெழுத்தின் குறுக்கே, அதேபோல் ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில் ‘நானும் பார்க்கவில்லை’ என்று எழுதினார். ஏழு தடவை எழுதினார். சர்டிபிகேட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விரல் எத்தனை?

மறுநாள் சர்ஜனுக்கு இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி இருந்தது. முதல் கேசைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம், வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது.

வைக்கோல்மேல் செங்கோடன் சுருண்டு கிடந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நோம்பி முடிந்த கையோடு கிளம்பியிருக்கிறார். நோம்பியில் சும்மா இருந்தாரா என்றால் இல்லை, ஊரோடு சேர்ந்து தேர் வடம் பிடித்திருக்கிறார். இறங்கிய குடல் மேலே ஏறாமல் இறுகிப்போய் நின்றுவிட்டது. வீக்கம் கல் மாதிரி இருந்தது. விடியற்காலையிலிருந்து வாந்தி. அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். உடனே கத்தி வைக்காவிட்டால் ஆள் போய்விடுவார்.

பாவாயி ஓடிவந்து அவர் காதில் என்னவோ சொன்னார். நான் குனிந்து, நேற்றுக் கற்ற பாடப்படி, பெயரை நான் சொல்லாமல் அவரிடமே கேட்டேன்.

“உங்க பேரு என்னங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு, “நாச்சிமுத்துங்க,” என்றார் செங்கோடன்.

“ஆமாங்க, நாச்சிமுத்துதானுங்க,” என்றார் பாவாயி. பலகையில் எழுதியிருக்கிற பெயரைச் சொன்னால்தான் கட்டில் கிடைக்கும் என்று அவர் கண்ட முடிவு.

உள்ளே கட்டிலில் இருந்த நாச்சிமுத்து எழுந்து வந்தார். நிலைமையைப் பார்த்தார். “அப்ப நான் செங்கோடனுங்க. எறங்கிக்கிறேன், அவரைப் படுக்க வெயுங்க,” என்றார்.

ரைட்டர் ரெஜிஸ்தரோடு ஓடிவந்தார். “நாச்சிமுத்துவுக்குக் குடலிறக்கம் இல்லையே! எனிமா களைப்புன்னு எழுதியிருக்கேன். செங்கோடன் பேரை நேத்தே அடிச்சாச்சு. இப்ப வந்திருக்கிறது யாருன்னு யாராவது எழுதிக் கொடுங்க!”

யாரும் யாரையும் கேட்கவில்லை. செங்கோடன் வைக்கோலைப் பிடித்து முறுக்கிக்கொண்டு முனகினார். எங்கள் டாக்டர், “நேத்து மாதிரி ஆயிடக்கூடாது, ஆள் யாருன்னு முதல்ல நிச்சயம் பண்ணுங்க,” என்று கத்தினார். பாவாயி தலையில் அடித்துக்கொண்டு நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்று அழுதார்.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. கையை உயர்த்திப் பிடித்தபடி பெரிய சர்ஜன் வெளியே வந்தார். ரைட்டரைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, விரல் எத்தனை?”

நான் வண்டியின் பின்பக்கம் போய் வைக்கோலை விலக்கினேன். இடது கால். தேர் இழுத்த மண் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், சின்னதாக, நகத்தோடு, நான் எழுதி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“ஆறுங்க ஐயா.”

“கொண்டு வா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குடல் அழுகிக் கறுத்திருக்கவில்லை, ஆள் பிழைத்தார். மயக்கம் தெளியாத செங்கோடனை அதே கட்டிலில் படுக்க வைத்தோம். நாச்சிமுத்து கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டு, யார் வந்தாலும் கேட்காமலே தன் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் அம்மாள் புதுச் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். முதல் வரியில் பெயர் எழுத வேண்டும். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டு, இடது கால், விரல் ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் பேனாவை வாங்கினார். உடனே கையெழுத்துப் போடவில்லை. கஞ்சி போட்ட சேலை சரசரக்கக் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, போர்வையை விலக்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு ஆறுவரை எண்ணினார். அதற்கப்புறம்தான் போட்டார்.